ஆடி அமாவாசையும் கைபேசி நாட்காட்டியும்: கீரிமலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலுக்கு மிக அணித்தாக நன்னீர் ஊறும் கேணிகளை உடைய இடம் கீரிமலை. நகுலேஸ்வரம் என்னும் சிவத்தலம் அமைந்த ஊர் இது. கீரிமுகம் கொண்டிருந்த நகுல முனிவர் இத்தீர்த்தத்திலே நீராடி அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது ஐதிகம். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையன்று இங்கு வந்து, தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்து மீள்வர். வீடு திரும்பியபின் விரதச் சமையலிற் காத்தோட்டிக்காயைச் சேர்த்துக்கொள்வது யாழ்ப்பாணத்து வழக்கு. இவையெல்லாம் யாவரும் அறிந்தவை. அறிந்திருந்தும் அதிகம் எண்ணப்படாத செய்தியொன்று உண்டு. அக்கடனுக்குரிய நாள் ஒரு நாட்காட்டியிலே இருக்கின்றது. அதனைச் செய்ய வருபவரது உத்தியோகத்துக்குரிய நாள் வேறொரு நாட்காட்டியிலே இருக்கின்றது. லீவு கேட்டு எழுதும் ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தே எழுதவேண்டியவராயினர்.

இன்று அவ்விரு நாட்காட்டிகளும் ஒரே கைபேசியில் வந்து தங்கியுள்ளன. அலுவலக மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் தவறின்றி ஒத்திசையச் செய்யும் கைபேசி யாது என்னும் ஒப்பீடு கடந்த கால் நூற்றாண்டாக நடந்து வருகின்றது. ஒப்பிட்டவர்கள் பெரும்பாலும் கருவியையே எடைபோட்டனர். ஆயின் இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்குமிடத்து, வெற்றியும் தோல்வியும் கருவியைக் காட்டிலும், நாளைக் குறித்தவர் யார், அக்குறிப்பின் மூலப்படி எவரிடம் இருக்கின்றது என்னும் இரண்டையுமே பற்றி நின்றமை புலனாகும். கீரிமலைக்குச் செல்வோர் இதனைக் கைபேசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அனுபவத்தால் அறிந்திருந்தனர் எனலாம்.

யாழ்ப்பாணத்திலே பஞ்சாங்கம் ஒன்றன்று. கொக்குவிலிலிருந்து வெளிவரும் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவிலைச் சேர்ந்த திருக்கணித பஞ்சாங்கமும் வீடுகளிலே அருகருகே தொங்குவதுண்டு. முன்னையது பழைய வாக்கியங்களை அடியொற்றிக் கணிக்கப்படுவது. சந்திரனின் இயக்கம் 248 நாட்களில் ஏறக்குறைய முன்போலவே திரும்பி வருவதை உணர்ந்த முன்னோர், அந்நாட்களுக்குரிய நிலைகளை 248 சொற்றொடர்களாக்கி, எழுத்துக்கு எண் கொள்ளும் முறையால் மனப்பாடம் செய்தனர். பின்னையது வானிலே கண்ட நிலைக்கு ஏற்பத் திருத்திய கணிதம். இரண்டுக்குமிடையே திதியின் முடிவிலே சில மணி நேர வேறுபாடு நேர்வதுண்டு. அதனால் விரதநாளே மாறும் ஆண்டுகளும் உண்டு.

வாக்கிய முறையை இகழ்வோர் ஒரு செய்தியை நினைத்தல் வேண்டும். ஜோன் வாரன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1825இலே சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலிலே, புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்க் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறுகின்றார். அவர் தாளும் எழுதுகோலும் இன்றி, நிலத்திலே சோழிகளை அடுக்கியும் எடுத்தும், மனத்திற் பதித்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் மே 31ஆம் நாளிரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்திற்கு 4 நிமிடமும், நடுவுக்கு 23 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமுமே பிழைத்தன. கணிதம் ஒரு மனத்திலே இருந்தது. ஊரார் கையிலிருந்தது அதன் விடை மாத்திரம். பஞ்சாங்கம் அச்சேறிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. ஒரே பதிப்பின் படிகள் தம்முள் ஒருபொழுதும் முரணமாட்டா. முரண்பாடு தோன்றுவது மூலங்கள் இரண்டாயிருக்கும்போதே.

அரசாங்கமே மூன்றாவது மூலமாய் இடைப்புகுந்த காலமொன்றும் இருந்தது. 1966 சனவரி முதல் 1971 வரை இலங்கையிலே சனியும் ஞாயிறும் வார இறுதியாக இருக்கவில்லை. டட்லி சேனநாயக்காவின் அரசு சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாட்களையும் அவற்றுக்கு முந்திய நாட்களையும் ஓய்வு நாட்களாக்கிற்று. இதனால் வாரம் சிலவேளை ஏழு நாளாகவும் சிலவேளை எட்டு நாளாகவும் அமைந்தது. வங்கியும் துறைமுகமும் பிறநாடுகளோடு நாட்பொருத்தம் இன்றி இடர்ப்பட்டன. எனினும் கீரிமலைக்குச் செல்லும் அரசாங்க எழுதுவினைஞருக்கு அந்த ஐந்தரை ஆண்டுகளும் ஒரு வசதியாயின; அமாவாசையும் போயாவாதலின், ஆடி அமாவாசைக்குப் பெரும்பாலும் லீவு கேட்க வேண்டியதில்லை. 1971இலே பழைய வார இறுதி மீண்டபோது பூரணை மாத்திரம் விடுமுறையாக எஞ்சியது. தாயை நினைந்து நோற்கும் சித்திராபூரணை விடுமுறையாகவும், தந்தைக்குரிய ஆடி அமாவாசை வேலைநாளாகவும் நிற்பது அன்று தொட்டு வந்த நிலையே. சட்டம் இயற்றியோர் இதனை எண்ணியிருக்கமாட்டார்கள்.

கைபேசிகளின் ஒப்பீட்டுக்கு இனி வரலாம். 1996இல் அமெரிக்காவிலே வெளிவந்த பாம் பைலற் என்னும் உள்ளங்கைக் கருவி பேசியன்று. ஆயினும் ஒத்திசைவு என்னும் கருத்தைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது அதுவே. மேசைக் கணினியோடு இணைத்த தாங்கியிலே அதனை வைத்துப் பொத்தானை அழுத்த, இரு நாட்காட்டிகளும் ஒன்றாயின. அழுத்தும் வரை அவை இரண்டே. ஒரே குறிப்பு இரண்டிடத்திலும் திருத்தப்பட்டிருந்தால் எது சரியென்று கருவி தீர்ப்புக் கூறாது, இரண்டையும் வைத்துக்கொள்ளும். சுவரிலே இரு பஞ்சாங்கம் தொங்கவிடும் யாழ்ப்பாணத்தாருக்கு இஃது அந்நியமான வழியன்று.

1999இலே தோன்றிய பிளாக்பெரி வேறு வழியிற் சென்றது. கடிதம் வந்து சேர்ந்தவுடன் கைக்கருவிக்குத் தானே தள்ளப்பட்டது. பயனர் போய்க் கேட்கவேண்டியதில்லை. நாட்காட்டியும் பின்னர் அவ்வாறே கம்பியின்றி ஒத்திசைந்தது. ஆனால் இதற்கெனத் தனி வழங்கியொன்றை அலுவலகம் நிறுவிப் பேணவேண்டியிருந்தது. பெருநிறுவனத்துக்கு இஃது இயலும். சிறு கந்தோருக்கு இயலாது. மைக்ரோசொப்ற் நிறுவனமோ தன் எக்ஸ்சேஞ்ச் வழங்கியோடு நேரே பேசும் விதிமுறையை அமைத்துப் பிறருக்கும் உரிமம் வழங்கிற்று. நொக்கியாவின் அலுவலகப் பேசிகள் அதனை ஏற்றன. 2007இல் வந்த ஐபோன் முதலாண்டிலே கடிதத்தைப் பெற்றதாயினும், நாட்காட்டிக்குக் கணினிக் கம்பியையே நம்பியிருந்தது; 2008 யூலையிற்றான் எக்ஸ்சேஞ்சோடு இணைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிவந்த முதல் அன்ட்ரொயிட் பேசி, கூகிள் கணக்கோடு இயல்பாய் ஒத்திசைந்தும், அலுவலகத்து எக்ஸ்சேஞ்ச் நாட்காட்டியைப் பெறுவதற்கு 2010 வரை காத்திருந்தது.

ஆகவே ஐபோனா அன்ட்ரொயிட்டா என்று 2009இலே கேட்டவருக்குரிய நேர்மையான மறுவினா, உமது அலுவலகத்தின் மூலப்படி எங்குள்ளது என்பதேயாம். எக்ஸ்சேஞ்சில் இருப்பின் ஒரு விடை. கூகிளில் இருப்பின் மற்றொரு விடை. விசைப்பலகையின் நயமும் திரையின் அகலமும் அதற்குப் பின்னரே. இதனை மெய்ப்பித்தவர் கூகிள் நிறுவனத்தாரே. கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் மைக்ரோசொப்ற் விதிமுறை வழியாகப் புதிதாக இணைவதை அவர்கள் 2013 சனவரி 30இலே நிறுத்தினர். பேசி பழுதாகவில்லை, நாட்காட்டியின் உரிமையாளர் வாயிலை மாற்றினார், அவ்வளவே. பழைய பிளாக்பெரிகளுக்கு 2022 சனவரி 4 இறுதி நாளாயிற்று. இதற்கு மாறாக, 1998இலே வகுக்கப்பட்ட ஐகலெண்டர் என்னும் பொதுவடிவமும், அதனை அடியாகக்கொண்டு 2007இல் அமைந்த கல்டாவ் விதிமுறையும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. கூட்டத்துக்கான அழைப்பு மின்னஞ்சலோடு வந்து, ஒரு தொடுகையால் நாட்காட்டியில் ஏறுவது அப்பொதுவடிவின் பயனே. கருவியைத் தேர்வோர் இவ்விரண்டும் அதனுள் உண்டோ என்று பார்த்தலே முதற்கடன்.

இனி நேரம். ஒத்திசைவிலே நாளைக் காட்டிலும் இடர் விளைப்பது நேரமே. 1996 மே 25இல் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணி முன்னகர்த்திற்று. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்பிரில் 15இல் எஞ்சிய அரை மணியையும் நீக்கிப் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்கு மீண்டது. ஆதர் சி. கிளார்க் இம்மீட்சியை எதிர்த்தவர்களுள் ஒருவர். வன்னியிலே விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதியிற் பழைய நேரமே நின்றது. படையினர் வசமான யாழ்ப்பாணத்திலே புதிய நேரம் நடந்தது. ஒரே இனத்தார், ஒரே தீவில், ஓமந்தைக்கு இப்பாலும் அப்பாலும் வெவ்வேறு மணியிலே வாழ்ந்த காலம் அது. கீரிமலை கிழக்கு நெடுங்கோடு 80 பாகைக்கு அண்மையில் உள்ளது. ஆதலின் 1996 நடுப்பகுதியிலே அங்கு சூரியன் உச்சிக்கு வந்தபோது அரசாங்க மணிக்கூடு ஏறக்குறைய பிற்பகல் 1.10 காட்டிற்று. சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணும் பஞ்சாங்கத்துக்கு இதனால் யாதொரு பழுதுமில்லை.

பழுது இயந்திரத்துக்கே. கைபேசி ஒவ்வொரு குறிப்பையும் உலகப் பொதுநேரத்தோடு தொடர்புபடுத்தி, நாட்டுக்குரிய நேரவிதியைச் சேர்த்துக் காட்டுகின்றது. அவ்விதிப் பட்டியல் புதுக்கப்படாத கருவியிலே, பொதுநேரமாக முன்பே பதிந்த குறிப்புகள் 2006 சித்திரையின் பின் அரை மணி முந்தியே ஒலிக்கும். இலங்கையின் இம்மாற்றங்கள் யாவும், 1942இலே போர்க்காலத்துச் செய்த மாற்றம் உட்பட, ஆசியா/கொழும்பு என்னும் பெயரிலே உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவிலே பதிவாகியுள்ளன. யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் கடிதங்களிலும் செய்திகளிலும் உள்ள மணியைக் கொள்ளும்போது இதனை மறத்தலாகாது.

நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளிற் கீரிமலைக்கே போக முடியாதிருந்தமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1990இலே வலிகாம வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். கோயில் போரினாற் சிதைவுற்றது. ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. போர் முடிந்த பின்னரே வழி சிறிது சிறிதாகத் திறந்தது. அதற்குள் தந்தையை இழந்த பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குடியேறிவிட்டனர். அவர்களிடம் பஞ்சாங்கம் உண்டு, கைபேசி உண்டு, கேணி இல்லை.

கைபேசியிலே இந்திய நாட்காட்டி என்று ஒன்று உள்ளதே என்பர் சிலர். உள்ளது. ஆனால் அது மேகநாத சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் இந்திய அரசு கைக்கொண்ட சக ஆண்டு முறை. சூரியனை மாத்திரம் அடியாகக் கொண்டது. அதிலே திதி இல்லை. பிறநாட்டு நாட்காட்டிகளின்படியும் குறிப்புகளை ஆண்டுதோறும் மீளச்செய்ய 2015இலே ஐகலெண்டருக்கு ஒரு விரிவு வகுக்கப்பட்டது. சீனரும் யூதரும் தம் பெருநாட்களை அவ்வழியிற் குறிக்கலாம். அமாவாசையை அவ்வாறு குறிக்க முடியாது. சிலநாள் ஒரே திதி இரு சூரியோதயத்தைத் தொடும். சிலநாள் ஒரு திதி எந்த உதயத்தையும் தொடாது கழியும். இதனை விதியாக எழுத வேண்டின் சந்திரகதியும் இடத்தின் உதயமும் கருவிக்குள்ளே கணிக்கப்படல் வேண்டும்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு இதனை விளக்கலாம். அவ்வாடியிலே இரண்டு அமாவாசைகள் நேர்ந்தன. பிந்தியது திருக்கணிதப்படி இலங்கை நேரம் ஆகஸ்ட் 15 நண்பகல் கடந்து தொடங்கி, 16 பிற்பகல் 3 மணியளவில் முடிந்தது. கீரிமலையில் 16ஆம் நாள் உதயத்திலே அமாவாசை நின்றது, ஐயமில்லை. அதே திதி ரொறன்ரோவிலே 15ஆம் நாள் அதிகாலை 3 மணி கடந்து தொடங்கி, 16 அதிகாலை 5.40க்கு முன்னரே, பொழுது புலர்வதற்குள் கழிந்தது. ஆகவே அங்கு உதயத்தில் அமாவாசை நின்ற நாள் 15 ஆகும். இனி, கீரிமலையில் இருக்கும் தமையன் ஒருவர் காலை 6 மணித் தர்ப்பணம் என்று 16ஆம் நாளுக்குக் குறித்து, ரொறன்ரோவிலுள்ள தம்பியின் நாட்காட்டிக்கு அனுப்புகின்றார் என்று கொள்வோம். ஒத்திசைவு பிழையின்றி நடைபெறும். தம்பியின் கைபேசி 15ஆம் நாள் இரவு 8.30 என்று, பொழுது பட்ட பின்னரான வேளையைக் காட்டும். மணி குறியாது முழுநாட் குறிப்பாக அனுப்பியிருந்தால் 16 என்று காட்டும். அன்று அங்கு பிரதமை. எந்தக் கைபேசியாயினும், எவ்வளவு விலையாயினும், விடை இவ்விரண்டில் ஒன்றே.

சரியான குறிப்பு வேண்டின் ரொறன்ரோவின் உதயத்துக்குக் கணித்த ஒருவர் அதனை அந்த ஆண்டுக்கென்றே தம் கையாற் பதிதல் வேண்டும். ஆண்டுதோறும் மீள்க என்று கட்டளையிட்டு வைத்தாலும் பயனில்லை. 2024இலே ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4இல் வந்தது.