நாடியின் நடையும் நாழிகைக் கணக்கும்

கொங்கு நாட்டின் மலைகள் பல சித்தர்களின் பெயரோடு பிணைந்தவை. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகை, காங்கயத்தை அடுத்த ஊதியூரில் கொங்கணர் குகை, பழனியில் போகர் சமாதி என்று அவ்வரிசை நீளும். அம்மரபு நமக்கு விட்டுச் சென்ற கலைகளுள் ஒன்று நாடி பார்த்தல். கைக்கடிகாரமே இதயத் துடிப்பை எண்ணிச் சொல்லும் இந்நாளில், நம் முன்னோர் மணிக்கட்டில் விரல் வைத்து எதைத் தேடினர் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

அவர்கள் தேடியது எண்ணிக்கையை அன்று, நடையை. சுட்டுவிரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிரவிரலில் ஐயம் என உணர்ந்தனர். வாதம் அன்னம், கோழி, மயில் போலவும், பித்தம் ஆமை, அட்டை போலவும், ஐயம் தவளை, பாம்பு போலவும் நடக்கும் என்பது சித்த மருத்துவ மரபு. வடமொழியில் நாடியைப் பற்றிப் பேசும் சார்ங்கதர சங்கிதையோ பாம்பின் நடையை வாதத்துக்கும், அன்னத்தின் நடையை ஐயத்துக்கும் உரித்தாக்குகிறது. உவமைகள் மரபுக்கு மரபு மாறின. ஆசானின் விரலிலிருந்து மாணவனின் விரலுக்குச் சென்ற அறிவு அது. பிறர் சரிபார்ப்பது அரிது.

காலத்தை அளக்க அவர்கள் அறியாதவர் அல்லர். நீர்க்கடிகையைப் பார்த்து நாழிகை அறிவிப்போரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, 60 நாழிகை கொண்ட ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்று யோக மரபு கணக்கிட்டது. அதாவது நிமிடத்துக்கு 15. ஓய்விலிருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்னும் இன்றைய மருத்துவக் கணக்கோடு இது பொருந்துவதைக் காணலாம். மூச்சை எண்ணியவர்கள் நாடியை எண்ணாமல் விட்டது வியப்பே.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹெரோபிலஸ் நீர்க்கடிகை கொண்டு நாடியை அளந்தார் என்பர். இங்கிலாந்தின் ஜான் ஃபிளாயர் 1707-இல் வெளியிட்ட நூலில், ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தால் நாடியை எண்ணும் முறையை விளக்கினார். எண்ணாகிவிட்ட பிறகு அவ்வறிவை எவரும் எழுதிவைக்கலாம், நேற்றோடு இன்றை ஒப்பிடலாம்.

எனினும் ஒன்றில் இரு மரபும் உடன்படுகின்றன. உண்டபின், எண்ணெய் முழுக்குக்குப்பின், உழைத்துக் களைத்தபின் நாடி பார்க்கலாகாது என்றனர் வைத்தியர். ஓய்வுநிலைத் துடிப்பு என்று இன்று சொல்வதும் இதுவே. பழனியின் 693 படிகளை ஏறியவுடன் எண்ணினால் அது ஏற்றத்தின் கணக்கேயன்றி இதயத்தின் இயல்பு ஆகாது.

காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே, சுட்டுவிரலையும் நடுவிரலையும் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வைத்து 30 நொடி எண்ணி இரட்டிக்க வேண்டும். பெருவிரலால் தொட்டால் அதன் துடிப்பே குழப்பும். பெரியவர்க்கு 60 முதல் 100 வரை இயல்பு. நன்கு பயின்ற விளையாட்டு வீரர்க்கு 40-ஐ ஒட்டியும் இருக்கலாம். ஓய்விலும் தொடர்ந்து 100-ஐத் தாண்டினாலோ, குறைந்த துடிப்போடு தலைசுற்றல் வந்தாலோ மருத்துவரைக் காண வேண்டும்.

துடிப்பு சீராக இல்லாவிடில் முழு நிமிடமும் எண்ணுதல் நன்று. எண் 72 என்று வந்தாலும் இடையிடையே தவறித் துடிக்கும் நாடி இருக்கக்கூடும். அதனையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எண்ணும்போதே நடையையும் கவனிக்கச் சொல்வதில் அந்தப் பழைய விரல்களின் பாடம் இன்றும் நமக்கு உதவுகிறது.