3200-னு வாங்கின ரேம் 2133-ல ஓடுறது ஏன்? பயாஸ்ல ஒளிஞ்சிருக்கிற ஒரு கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நம்ம திருவண்ணாமலைல இருந்து ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் பஸ் ஏறிப் போய் 3200 ரேம் வாங்கிட்டு வந்தேன். டாஸ்க் மேனேஜர்ல 2133-னு காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

ஏமாத்தலை. பயாஸ்க்குள்ள எக்ஸ்எம்பினு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணணும். ஒரு வரியில முடியுற பதில்தான். ஆனா அட்டைப்பெட்டியில கொட்டை எழுத்துல போட்ட வேகம் ஏன் தானா வர்றதில்லைங்கிறது நியாயமான கேள்வி. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

ப்ராசஸர் வேகமா இருக்கும், மெமரி மெதுவா இருக்கும். இந்தச் சண்டை நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சது இல்லை. 1973-ல் மேற்கு ஜெர்மனி உதவியோட சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது. அதோட ப்ராசஸர் ஒரு சுற்றை 115 நானோசெகண்ட்ல முடிக்கும். மெயின் மெமரியோ சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்த கோர் மெமரி. ஒரு சுற்றுக்கு 2 மைக்ரோசெகண்டுக்கு மேல எடுத்துக்கும். அதாவது மெமரி ஒரு தடவை பதில் சொல்றதுக்குள்ள ப்ராசஸர் சுமார் 18 சுற்று சும்மா நிக்கணும். அதனால நடுவுல 8 கேபி அளவுக்கு ஒரு வேகமான பஃபர் வச்சாங்க. இன்னிக்கு நாம கேஷ்னு சொல்றோமே, அதேதான். ஆனா அந்த மெஷின்ல "எந்த வேகத்துல ஓட்டலாம்"னு யாரும் கேட்கலை. செஞ்சவங்களே எல்லாத்தையும் பொருத்தி அனுப்பிட்டாங்க.

கேள்வி நம்ம தலையில விழுந்தது வேற வேற கம்பெனி பார்ட்ஸை வாங்கி வீட்ல கோக்க ஆரம்பிச்ச பிறகுதான். 386, 486 காலத்துல ரேம் சிப் மேலயே -7, -6னு அச்சடிச்சிருக்கும். 70 நானோசெகண்ட், 60 நானோசெகண்ட்னு அர்த்தம். பயாஸ்ல "வெயிட் ஸ்டேட்" எத்தனைனு நீங்கதான் சொல்லணும். ஒண்ணு வச்சா மெமரிக்காக ப்ராசஸர் ஒரு சுற்று காத்திருக்கும். பூஜ்யம் வச்சா காத்திருக்காது. 70 சிப்பை மாட்டிட்டு 60-க்கான செட்டிங் கொடுத்தா மெஷின் உடனே படுத்துடும்னு நினைக்காதீங்க. படுத்தா நல்லதுங்க. பேரிட்டி இல்லாத ரேமா இருந்தா, நல்லாத்தான் ஓடுற மாதிரி ஓடிட்டு, ஏதோ ஒரு ஃபைல்ல ஒரு எழுத்தை மாத்தி வச்சிட்டுப் போயிடும். யாருக்கும் தெரியாது.

இந்தத் தலைவலியைக் குறைக்கத்தான் எஸ்பிடி வந்தது. ரேம் பலகையில ஓரமா ஒரு குட்டி சிப் இருக்கும். ஆரம்பத்துல அதுல 256 பைட். அந்த ரேமோட ஜாதகம்னு வச்சுக்கோங்க. என்ன கொள்ளளவு, என்ன வேகம், எத்தனை சுற்று காத்திருக்கணும், எல்லாம் அதுல எழுதியிருக்கும். ஆன் பண்ணினதும் பயாஸ் அதைப் படிச்சுத் தானே செட் பண்ணிக்கும். 1998-ல் இன்டெல் பிசி100 விதிமுறையைக் கொண்டு வந்தப்போ இது பரவலாச்சு. ஜாதகத்தை எப்படி எழுதணும்னு தீர்மானிக்கிறது ஜெடெக்ங்கிற அமைப்பு. அவங்க நிதானமானவங்க. எல்லா போர்டுலயும் எல்லா ப்ராசஸர்லயும் கண்டிப்பா ஓடுற வேகத்தைத்தான் எழுதச் சொல்வாங்க.

ரேம் கம்பெனிகளுக்கு இது பத்தலை. நல்ல சிப்பாப் பொறுக்கி எடுத்து, வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்தினா இன்னும் வேகமா ஓடும்னு அவங்களுக்குத் தெரியும். 256 பைட்ல ஜெடெக் தொடாத இடமும் காலியா கிடந்தது. 2006-ல் என்விடியாவும் கோர்சேரும் சேர்ந்து அங்க இரண்டாவது ஜாதகம் ஒண்ணு எழுதினாங்க, ஈபிபினு பேரு. 2007-ல் டிடிஆர்3 கூட இன்டெல் எக்ஸ்எம்பியைக் கொண்டு வந்தது. இது நிலைச்சுது. 2022-ல் ஏஎம்டி தன் பங்குக்கு எக்ஸ்போ கொடுத்தது.

ஆக உங்க ரேம்ல இரண்டு ஜாதகம் இருக்கு. பெட்டியில அச்சடிச்சது இரண்டாவது. பயாஸ் தானா படிக்கிறது முதலாவது. இரண்டாவது இன்டெல், ஏஎம்டி கணக்குல ஓவர்க்ளாக்கிங். அதனால ப்ராசஸர் வாரண்டிக்கே பிரச்சனை வரலாம்னு அவங்களே சொல்றாங்க. டிடிஆர்4-க்கு முறையான வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி பெரும்பாலும் கேட்கிறது 1.35. விக்கும்போது பெரிய எழுத்து, பொறுப்புனு வரும்போது சின்ன எழுத்து. எனக்கு இது பிடிக்கலை, நேராவே சொல்றேன். அமெரிக்காவுல இதே விஷயத்துக்காகக் கோர்சேர் மேல வழக்குப் போட்டாங்க. 2025-ல் 55 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு.

சரி, ஆன் பண்ணினா என்ன கிடைக்கும்? இங்க ஒரு கணக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2000-களோட தொடக்கத்துல நல்ல டிடிஆர்-400 ரேம், சிஎல்2. ஒரு சுற்று 5 நானோசெகண்ட், இரண்டு சுற்று காத்திருந்தா 10. இப்ப டிடிஆர்4-3200 சிஎல்16: ஒரு சுற்று 0.625, பதினாறு சுற்று, மறுபடியும் 10. டிடிஆர்5-6000 சிஎல்30? அதுவும் 10 நானோசெகண்ட்தான்! இருபது வருஷமா முதல் பதில் வர்ற நேரம் நகரவே இல்லை.

பௌர்ணமி கிரிவலத்துக்குச் சென்னையில இருந்து சிறப்புப் பஸ் விடுறாங்க இல்லையா, அதை நினைச்சுப் பாருங்க. பஸ் எண்ணிக்கையைப் பத்து மடங்கு ஆக்கலாம், ஒரு ராத்திரியில வந்து சேர்ற கூட்டம் பத்து மடங்கு ஆகும். ஆனா திண்டிவனம், செஞ்சி வழியா நீங்க உட்கார்ந்து வர்ற நேரம் அதேதான். 3200, 6000 எல்லாம் பஸ் எண்ணிக்கை. சிஎல்லை வச்சுப் போட்ட அந்த 10 நானோசெகண்ட்தான் பயண நேரம். அதனால பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

டாலி, பிரவுசர், வேர்ட் மட்டும்னா 2133-க்கும் 3200-க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம ப்ராசஸர்ல இருக்கிற கிராபிக்ஸ்லயே கேம் ஆடுறவங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா அவங்க முதல்ல பார்க்க வேண்டியது ஒத்தை ரேமா, ஜோடியாங்கிறதை. ஒத்தையா மாட்டிட்டு எக்ஸ்எம்பி பத்திக் கவலைப்படுறதுல அர்த்தம் இல்லை. இன்னொண்ணு, போர்டும் விடணும். ஐ5-10400 ப்ராசஸரை எச்410, பி460 போர்டுல போட்டவங்க 2666-ஐத் தாண்ட முடியாது. 2021-ல் பி560 வந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறந்தது.

இப்ப நம்ம ஊருக்குனு ஒரு விஷயம். டிராம்ங்கிறது ஓட்டைக் குடம். கசிஞ்சுகிட்டே இருக்கும், டிடிஆர்4-ல 64 மில்லிசெகண்டுக்குள்ள எல்லா செல்லையும் ஒரு தடவை திரும்ப எழுதணும். சூடு ஏறினா கசிவும் ஏறும். சிப் 85 டிகிரியைத் தாண்டினா 32 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எழுதணும்னு விதியே இருக்கு. அக்னி நட்சத்திரத்துல இங்க அறைக்குள்ள எவ்வளவு வேகும்னு உங்களுக்கே தெரியும். மார்கழியில எக்ஸ்எம்பி ஆன் பண்ணி மெம்டெஸ்ட்86-ல பாஸ் ஆச்சுன்னு விட்டுடாதீங்க, சித்திரையில ஒரு ராத்திரி மறுபடி ஓட்டுங்க. ஒரே ஒரு பிழை காட்டினாலும் 3200-ஐ 3000 ஆக்குங்க. கல்யாண ஆல்பம் எடிட் பண்றவர், கடைக் கணக்கு வச்சிருக்கிறவர் எல்லாம் ஜெடெக் வேகத்துலயே விட்டாலும் தப்பில்லை. தொலையுற போட்டோ எக்ஸ்எம்பியால திரும்பி வராது.

டிடிஆர்5 வச்சிருக்கிறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க. எக்ஸ்போவோ எக்ஸ்எம்பியோ ஆன் பண்ணி சேவ் கொடுத்ததும் திரை கருப்பாயிடும், சில நிமிஷம் கூட ஆகலாம். போர்டு செத்துப்போச்சுன்னு பதறி ஸ்விட்சை அணைக்காதீங்க. எந்த நேரத்துல சிக்னல் சரியாப் போகுதுன்னு பயாஸ் ஒவ்வொண்ணா சோதிச்சுப் பார்த்துகிட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய், திரும்ப ஆன் பண்ணியும் வரலைன்னா, போர்டுல வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிட்டு அதைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. செட்டிங் எல்லாம் அழிஞ்சு பழைய வேகத்துல எழுந்து வந்துடும்.