பாடியவர் குரலிற் பாட்டு



கவிதை கண்ணாற் படிப்பதற்கா, காதாற் கேட்பதற்கா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். விடை தேடினால் ஒரு சிறு வரலாறு விரிகிறது.

1855 செப்டெம்பர் 27, இரவு. இலண்டனில் கவிஞர் பிரௌணிங் தம்பதியர் தங்கியிருந்த வீடு. விக்ரோறியா மகாராணியின் அரசவைக் கவிஞர் ரெனிசன், அவ்வாண்டு வெளிவந்த தமது 'மோட்' என்னும் நெடும்பாடலைச் சில நண்பர்களுக்கு வாசித்தார். ஓவியர் றொசெற்றி அவரறியாமலே அக்காட்சியை வரைந்துகொண்டார். விமர்சகர் பலர் குறைகூறிய பாடல் அது. அதைத் தம் குரலிற் கேட்பிப்பதில் அவருக்குத் தீராத விருப்பம்.

அக்காலத்தில் தமிழகத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை (1815–1876) தலபுராணங்களை அரங்கேற்றினார். அங்கே முறை வேறு. கோயிலில் ஊரார் கூடியிருக்க, மாணவர் ஒருவர் செய்யுளைப் படிப்பார். பாடியவர் பொருள் விரிப்பார். எங்கள் கோயிற் புராணபடனத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்வதும் இதனை ஒத்ததே. ரெனிசனைக் கேட்டது நண்பர் வட்டம். பிள்ளையவர்களைக் கேட்டது ஊர்.

பின்னர், கவிஞர் தாமே மேடையேறும் கவியரங்கு வந்தது. ஈழத்தில் மகாகவி, முருகையன் முதலியோரின் கவிதைகள் அரங்கிலும் ஒலித்தன. மகாகவி பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தவர். அவர் வரிகளைச் சொல்லிப் பார்த்தாலே சுவை தெரியும்.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவிலே வானொலி கேட்டோம். நான் மிதிகட்டையைக் கையாற் சுற்றுவேன். அப்பா கவியரங்கு கேட்பார். என் கை ஓய்ந்தால் கவிஞரின் குரலும் ஓய்ந்துவிடும்.

2002க்குப் பின் ஊர்க் கவியரங்குகள் சிலவற்றை ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தேன். 2009 இடம்பெயர்வில் அந்தப் பெட்டி போயிற்று. கவிதை நூல்களைப் பின்னர் தேடிச் சேர்த்துக்கொண்டேன். குரல்களை எங்கே தேடுவது?

1889இல் பிரௌணிங் தம் பாடலொன்றை எடிசனின் மெழுகுருளையிற் பதியச் சொல்லத் தொடங்கி, இடையில் வரி மறந்து வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு டிசெம்பரில் மறைந்தார். அந்தத் தடுமாற்றம் இன்றும் கேட்கிறது. அச்சிட்ட பாட்டில் அது இல்லை.

மாணவிக்குச் சொன்னேன்: கண்ணாற் படித்தாற் பாட்டுக் கிடைக்கும், காதாற் கேட்டாற் பாடியவரும் கிடைப்பார்.

நேயர்களே, பழைய கவியரங்கு ஒலிநாடா உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் ஒருவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கக்கூடும்.