தஞ்சாவூர்க் கட்டாரி

தஞ்சாவூர்க் கட்டாரி என்பது தென்னிந்தியாவில் வழங்கிய குறுக்குப்பிடிக் குத்துவாள் வகைகளுள் ஒன்றாகும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் இவ்வகைக் கட்டாரிகள் பெருமளவில் இருந்தமையால் இப்பெயரால் குறிக்கப்படுகின்றது. இதன் தோற்றப் பகுதியை அறிய அலகைவிடக் கைப்பிடியே சிறந்த சான்றாகும்.

அமைப்பு

கட்டாரியின் பிடி இரண்டு இணையான பக்கச் சட்டங்களையும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்டது. குறுக்குச் சட்டங்களை முட்டியால் பற்றும்போது அலகு முன்கையின் நேர்கோட்டில் நீள்கின்றது. இதனால் கையின் முழு விசையும் குத்தில் சேர்கின்றது.

பிடியை வைத்து இனங்காணல்

தென்னிந்தியக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையை மூடும் வளைந்த கைக்காப்புத் தகடு உண்டு. இத்தகட்டிலும் சட்டங்களிலும் யாளி, மகரம், கொடி முதலிய கோயிற் சிற்ப வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இவ்வகை விசயநகர, நாயக்கர் காலங்களுடன் தொடர்புபடுத்தப்படுகின்றது. முகலாய, இராசபுத்திரக் கட்டாரிகளில் பொதுவாக இத்தகடு இல்லை. அவற்றில் பொன் பதிப்பு வேலைப்பாடு மிகுதி.

அலகு தரும் சிக்கல்

தென்னிந்தியப் பிடிகளில் முன்னோக்கி நீளும் பட்டைகளுக்கிடையே அலகைச் செருகித் தறையாணிகளால் பொருத்துவது வழக்கம். எனவே அலகை மாற்றுவது எளிது. 16 ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துக்கேயர் முதலிய ஐரோப்பியர் வழியாக வந்த நேர்வாள் அலகுகள் வெட்டிச் சுருக்கப்பட்டு இவற்றில் பொருத்தப்பட்டன. சிலவற்றில் ஐரோப்பியக் கொல்லரின் முத்திரைகளும் உள்ளன. அலகை மட்டும் பார்த்தால் உள்ளூர்க் கம்மியரின் ஆக்கம் அயல்நாட்டுப் பொருளாகத் தோன்றிவிடும்.

சாவகத் தீவின் கிரிசு என்னும் குத்துவாளிலும் அலகும் பிடியும் தனித்தனியே செய்யப்படுகின்றன. பாலித் தீவின் தேவ, அசுர உருவப் பிடி, பட்டாணிப் பகுதியின் நீள்மூக்குப் பிடி முதலியன வட்டார அடையாளங்களாகும். எனினும், பிடிகள் மாற்றப்படுவதுண்டு என்பதால் முழு ஆயுதத்தின் பிறப்பிடத்தையும் அவற்றால் மட்டும் உறுதி செய்ய இயலாது.

ஆயுதசாலையின் சிதைவு

1855 இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாசி ஆண் வாரிசின்றி இறந்தபின் அரசு பிரித்தானியர் வசமானது. பின்னர் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. ஆயுதங்கள் பல உடைக்கப்பட்டு உலோக விலைக்கு விற்கப்பட்டன. ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தது. வேறு சில வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ளன. இராபர்ட் எல்குட் 2004 இல் வெளியிட்ட இந்து ஆயுதங்களும் சடங்கும் பற்றிய ஆங்கில நூல் இவற்றை ஆராய்கின்றது.

இடம் அறியப்பட்ட இத்தொகுதி, சிதறிப்போன பிற கட்டாரிகளை ஒப்பிட்டு இனங்காண உதவுகின்றது.