காரில் பிரிந்த தலையும் உடலும்

தக்காளி மண்டிக்குச் சரக்கேற்றி வரும் வண்டி பாலக்கோட்டுக் கடைத்தெருவைக் கடக்கும்போது, பாட்டு காதில் விழுவதற்கு முன்பே கடைகளின் தகரக் கதவு அதிர்வதைப் பலரும் கவனித்திருப்பர். அந்த அதிர்வை எழுப்புவது சப்வூஃபர் எனப்படும் தாழ்சுர ஒலிபெருக்கி. அதற்கு ஆற்றல் தருவது இருக்கைக்கு அடியில் கிடக்கும் மின்பெருக்கி. ஓட்டுநரின் கை தொடுவதோ முகப்பில் உள்ள ஹெட் யூனிட்டை. கடைக்காரர்கள் சுருக்கமாகச் 'செட்டு' என்பது இதைத்தான்.

பழைய பெருக்கியையும் சப்வூஃபரையும் அப்படியே வைத்துக்கொண்டு செட்டை மட்டும் மாற்ற விரும்புவோர், அதன் பின்புறம் தொங்கும் கம்பிக் கற்றையைக் கண்டு திகைப்பதுண்டு. நானும் ஒரு முறை திகைத்தேன். திகைத்ததோடு நில்லாமல் ஒரு சில்லையும் எரித்தேன். அந்தக் கம்பிகளுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடைபெற்றது. பால் கால்வின் என்பவர் தம் காரை அரங்குக்கு வெளியே நிறுத்தி, அதில் பொருத்திய வானொலியை வருவோர் கேட்கும்படி ஒலிக்கச் செய்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் மோட்டரோலா. 1932-இல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் நிறுவனம் ஏ.எஸ்.5 என்னும் கார் வானொலியை வெளியிட்டது. அதன் எடை 15 கிலோகிராம். விலை ஒரு காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! இவ்வளவு பெரிய பெட்டியை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைக்க இயலாது. ஆகவே பெட்டி மறைவான இடத்திற்குப் போயிற்று. அதை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் ஸ்டீயரிங் தண்டில் ஏறிற்று. தலை ஓரிடம், உடல் வேறிடம் என்னும் அமைப்பு கார் வானொலியுடனேயே பிறந்தது எனலாம்.

அந்நாளைய வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. காரின் மின்கலமோ 6 வோல்ட். முதலில் தனி மின்கலங்களைக் காரின் தரைப் பலகைக்கு அடியில் வைத்துப் பார்த்தனர். பின்னர் 'வைப்ரேட்டர்' வந்தது. மின்சார மணியின் நாக்கைப் போல அதிரும் ஒரு தகடு நேர்மின்னோட்டத்தை நொடிக்கு நூறு முறைக்கு மேல் வெட்டி வெட்டி அனுப்ப, மின்மாற்றி அதன் அழுத்தத்தை உயர்த்திற்று. 1955-இல் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் வானொலியை ஃபில்கோ நிறுவனம் தயாரிக்க, கிரைஸ்லர் தன் கார்களில் பொருத்தியது. டிரான்சிஸ்டருக்கு உயர் அழுத்தம் தேவையில்லை. வைப்ரேட்டர் மறைந்தது, பெட்டி சிறுத்தது, தலையும் உடலும் முகப்பில் ஒன்று சேர்ந்தன. ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட செவ்வகத் துளை பிற்காலத்தில் உலகப் பொது அளவாயிற்று.

ஆனால் 12 வோல்ட்டில் எவ்வளவு ஒலி எழுப்ப முடியும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது மின்கலத்தில் 14.4 வோல்ட் கிடைப்பதாகக் கொள்வோம். எளிய பெருக்கி ஒன்று நடுநிலையிலிருந்து இருபுறமும் 7.2 வோல்ட் வரையே ஆட முடியும். 4 ஓம் ஒலிபெருக்கியில் இது சுமார் 6.5 வாட். இந்தத் தடையைத் தாண்ட 'பாலப் பெருக்கி' முறையைக் கையாண்டனர். ஒலிபெருக்கியின் இரு முனைகளுக்கும் தனித்தனிப் பெருக்கி. ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கும். அழுத்தம் இரு மடங்கு, திறன் நான்கு மடங்கு: ஏறத்தாழ 26 வாட். இழப்புகள் போக இருபது வாட் மிஞ்சும். பெட்டியின் மேல் '50 வாட்' என்று அச்சிட்டிருப்பது கண நேர உச்சம். விளம்பர வாட் என்பதே பொருந்தும்.

என் சில்லு எரிந்தது இங்கேதான். பழைய செட்டுகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு முனையைக் காரின் உடலோடு இணைத்துக் கம்பியை மிச்சம் பிடித்தனர். எங்கள் வீட்டுப் பழைய காரிலும் அப்படியே. பாலப் பெருக்கியிலோ இரு முனைகளிலும் ஓய்வு நிலையில் சுமார் 7 வோல்ட் நிற்கும். எந்த முனையும் உடலைத் தொடலாகாது. வகுப்பில் பாலச் சுற்றைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைபவன், ஒலிபெருக்கியின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்காமல் புதிய செட்டை மாட்டினேன். பாட்டு வரவில்லை, வாடை வந்தது.

இனிச் சப்வூஃபருக்கு வருவோம். அதிர்வெண் பாதியானால், அதே உரப்புக்கு ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். எனவே பெரிய கூம்பும் மிகுந்த திறனும் தேவைப்படுகின்றன. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர், காரைவிட நீளம்! அது எத்திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் புலப்படாது. ஆகவே டிக்கியில் வைத்தாலும் குறையில்லை. இருபது வாட் இதற்குப் போதாமையால் பெருக்கி மீண்டும் செட்டை விட்டு வெளியேறிற்று. 1983 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றில், வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸின் நிறுவனம் ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தனிப் பெருக்கியே வைத்தது. இன்றைய தனிப்பெருக்கிக்குள் 12 வோல்ட்டை வெட்டி மின்மாற்றி வழியே உயர்த்தும் சுற்று இருக்கிறது. பழைய வைப்ரேட்டரின் வேலைதான். தகட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வெட்டுகிறது. 30 வோல்ட் உச்சம் கிடைத்தால் 4 ஓமில் 112 வாட்.

பிரிந்த தலைக்கும் உடலுக்கும் இடையே மூன்று உறவுகள் வேண்டும். முதலாவது, ஒலிக்குறிப்பு. செட்டின் பின்னுள்ள ஆர்.சி.ஏ. துளைகளிலிருந்து இது மெல்லிய கவசக் கம்பியில் செல்லும். (கிராமபோனை வானொலியோடு இணைக்கப் பிறந்த செருகி அது!) துளை இல்லாத செட்டானால், 'உயர்மட்ட உள்ளீடு' உள்ள பெருக்கிக்கு ஒலிபெருக்கிக் கம்பிகளையே கொடுக்கலாம், ஆர்.சி.ஏ. துளைக்குள் அவற்றை நேரே செருகலாகாது. இரண்டாவது, பெருக்கியை எழுப்பும் நீலக் கம்பி. வானொலியை இயக்கியதும் மோட்டார் ஆன்டெனா உயர்வதற்காக ஏற்பட்ட கம்பியின் உறவு இது. நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் பெருக்கிக்கு உரியது. மூன்றாவது, ஆற்றல். 300 வாட் பெருக்கி முழு வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். செட்டின் மெல்லிய கம்பி அதைத் தாங்காது. மின்கலத்திலிருந்து தனித் தடித்த கம்பியும், மின்கலத்தின் அருகிலேயே ஒரு ஃபியூசும் தேவை. இந்த ஃபியூசை விட்டுவிடுவோர் உண்டு. கம்பி உரசி உடலைத் தொட்டால் கார் தீப்பிடிக்கும்.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகும், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் எங்கள் காரில் கேட்டது. செட்டும் பெருக்கியும் காரின் உடலில் வெவ்வேறு இடங்களில் தரையிட்டிருந்தால், ஆல்டர்நேட்டரின் மின்னோட்டம் அவ்விடங்களுக்கிடையே சிறு அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி ஒலிக்குறிப்போடு கலந்துவிடும். கால்வினின் முதல் கார் வானொலியில் பணியாற்றிய எல்மர் வேவரிங், பிற்காலத்தில் அதே நிறுவனத்தில் கார் ஆல்டர்நேட்டர் உருவாக்கத்திலும் முன்னின்றவர் என்பது வேடிக்கையான பொருத்தம். பெருக்கியின் தரைக் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். வண்ணப்பூச்சின் மேலேயே திருகியிருந்தேன். பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் இறுக்கியதும் ரீங்காரம் நின்றது.