லயமும் ஆவணமும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

பெருந்தோட்ட வரலாறு பெரும்பாலும் தேயிலையின் வரலாறாகவும் துரைமாரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அருங்காட்சியகங்களும் இதற்கு விலக்கல்ல. கண்டிக்கருகே ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களும் முன்னோடித் துரைமாரின் நினைவுப் பொருள்களுமே முதன்மை பெறுகின்றன.

கம்பளைக்கருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் நிறுவிய தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இதற்கு மறுதலையானது. சிறியதாயினும் அது பழைய லயமொன்றிலேயே அமைந்துள்ளது. தொழிற்கருவிகள், சமையற் பாத்திரங்கள், இசைக்கருவிகள், ஆவணங்கள் ஆகியன அங்கு பேணப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் உறக்கமும் சமையலும் பிறப்பும் இழவும் ஓர் அறைக்குள் அடக்கப்பட்டமையை, அக்காம்பராவுக்குள் நுழைவோர் எந்நூலுமின்றி உணர்ந்துகொள்வர்.

ஊவாவை ஆராய்வோருக்கு இது நல்லதொரு படிப்பினையாகும். 1890இல் எழுந்த லிப்டனின் தம்பத்தென்னைத் தொழிற்சாலையும், 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையும் இன்றும் நிலைத்துள்ளன. தொழிலாளரின் சான்றுகளோ எளிதில் அழிவன.

இம்மக்களைப் பொறுத்தவரை ஆவணம் என்பது பழம்பொருள் ஆர்வம் சார்ந்த ஒன்றன்று. கடன் தொகையைச் செலுத்தினால் தொழிலாளரை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த தாளே 'துண்டு'. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, அத்தாளின்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிதாயிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமோ தந்தை, பாட்டன் ஆகியோரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. அதனைக் காட்ட இயலாதோர் நாடற்றோராயினர். முன்னர் ஒரு தாள் அவர்களைப் பிணித்தது. பின்னர் ஒரு தாளின் இன்மை அவர்களை விலக்கியது.

1940 மே மாதத்தில், சமசமாஜக் கட்சி சார்ந்த சங்கத்தின் தலைமையில், பதுளை வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர். அதனைக் கலந்தே செயற்படத் துரை உடன்பட நேர்ந்தது. ஒடுக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் அவர்கள் பறித்தனர். பின்னர் அப்போராட்டம் முறியடிக்கப்பட்டது. அதிகாரிகளின் அறிக்கைகள் மாத்திரம் எஞ்சுமாயின், தொழிலாளர் ஆட்சிமுறையின் இச்சிறு முயற்சி வெறும் கலகமாகவே வரலாற்றில் நிற்கும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில், அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. லயங்களை அவ்வாறே காக்கவேண்டும் என்பதன்று எமது வாதம். அவை நீங்கித் தனிவீடுகள் எழவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. எனினும் லயம் இடிக்கப்படுமுன் அதன் அளவுகள் பதியப்படல் வேண்டும். செக்றோல் ஏடுகள், சங்கச் சந்தாச் சீட்டுகள், முதியோரின் வாய்மொழிகள் ஆகியன ஊவாவிலேயே தொகுக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் இணைந்து ஆற்றவேண்டிய பணி இது.