மழையில் வெறுங்கால்

தஞ்சை மாவட்டத்தின் கடலோர ஊரான அதிராம்பட்டினத்தில் கோடை விடுமுறை வந்தால் எழுவர் கால்பந்துத் தொடரும் வந்துவிடும். ஐ.எஸ்.எல். மாதிரி எந்த லீக்கிலும் சேராத ஊர் அணிகள்தான் ஆடும். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்தும் அணிகள் வரும். தொடர் முடிகிற நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறுதான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் செல்போனைத் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். துபாயில் இருக்கும் அண்ணன் பார்க்க வேண்டாமா!

அந்த மாதிரிப் படம் கிடைத்தால் கால்களைப் பாருங்கள். பூட்ஸ், அடியில் ஸ்டட். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இந்தியக் கால்பந்து இந்த பூட்ஸுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று மழை.

சேற்றில் வெறுங்காலோடு நிற்பது டெல்டாக்காரர்களுக்குப் புதிதா என்ன? வழுக்குகிற வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை ஊன்றி நடந்தால் விழ மாட்டோம். ஆனால் நடவு என்பது பின்பக்கமாக, நிதானமாக நகர்கிற வேலை. கால்பந்தில் ஓடிவந்து சட்டென்று திரும்ப வேண்டும். அங்கே கட்டைவிரல் காப்பாற்றாது. அந்தக் காலத்துத் தோல் பந்து வேறு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதை வெறுங்காலால் உதைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியக் கால்பந்தின் தலைநகரம் கல்கத்தா. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை அங்கே ஆனி, ஆடியில் கொட்டும். கால்பந்து சீசன் மே மாதம் தொடங்கும். அதனால் லீக்கின் கடைசி ஆட்டங்களும் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியும் சரியாக மழையில் போய் மாட்டிக்கொள்ளும். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். நம் ஆட்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். தரை காய்ந்திருந்தால் நம்மவர்களின் வேகத்துக்கு ஈடு கிடையாது. நனைந்துவிட்டால் கதை தலைகீழ்.

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்துக் கேடயத்தை வாங்கியது எல்லோருக்கும் தெரியும். பதினொருவரில் பூட்ஸ் போட்டவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். கேடயத்தோடு அந்த அணி எடுத்துக்கொண்ட குழுப்படம் இன்றும் சுற்றுகிறது. அன்றைய கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஆட்கள் அசையாமல் இருக்க வேண்டும். மழையில் ஓடுகிறவனை அது எங்கே பிடிக்கும்? ஆக, வெறுங்கால் வீரம் படத்தில் நின்றது. சேற்றில் வழுக்கித் தோற்ற நாட்கள் நிற்கவில்லை. ஆனால் கணக்கு அந்த நாட்களைச் சொல்கிறது: 1898-ல் தொடங்கிய கல்கத்தா லீக்கை 1933 வரை ஒரு இந்திய அணிகூட வெல்லவில்லை. (இந்திய அணிகளை முதல் டிவிஷனில் சேர்க்கவே தயங்கினார்கள் என்பது தனிக் கதை.)

அதை உடைத்தது முகமதன் ஸ்போர்ட்டிங். 1934-ல் முதல் டிவிஷனுக்கு வந்தார்கள், அதே வருஷம் பட்டத்தையும் தட்டிச் சென்றார்கள். 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை! பெங்களூர் வரை ஆள் தேடிப் போனது ஒரு காரணம். இன்னொன்று ரொம்ப எளிமையானது. மழை பெய்தால் பூட்ஸ் மாட்டிக்கொண்டார்கள். காய்ந்த தரைக்கு வெறுங்கால், ஈரத் தரைக்கு பூட்ஸ். இதில் மானப் பிரச்சினை எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்குப் பிறகும் தேசிய அணி மாறவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸோடு மோதியது இல்ஃபோர்டு என்ற அமெச்சூர் கிளப்பின் மைதானத்தில், அதாவது அந்த நாட்டு லீக் அணிகளின் வரிசையிலேயே வராத ஒரு சின்ன இடத்தில். சுமார் 17,000 பேர் பார்த்தார்கள். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியும் இந்தியா கடைசி நிமிஷங்களில்தான் 2-1 என்று தோற்றது. அதுவும் இரண்டு பெனால்டிகளை வீணாக்கிவிட்டு. நமது கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கும்பகோணத்துப் பெருமாளின் பெயரைக் கொண்ட தெற்கத்திக்காரர்! ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது.

இந்தப் புகழே பிறகு வினையாகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. 1952 ஜூலை 15, ஹெல்சின்கி. குளிர். எதிரே யூகோஸ்லாவியா. முடிவு 10-1. அதற்குப் பிறகுதான் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. முகமதன் ஸ்போர்ட்டிங் காட்டிக்கொடுத்து 18 வருஷம் கழித்து! (1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்கு வெறுங்கால்தான் காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த அணிக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டிய சைலன் மன்னாவே அதை மறுத்திருக்கிறார்.)

நான்கே வருஷத்தில் பலன் தெரிந்தது. 1956 மெல்போர்னில் பூட்ஸ் போட்ட இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிசௌசா மூன்று கோல் போட்டார். கடைசியில் நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதற்கு மேல் போனதில்லை.